எங்கள் வீட்டு ரத்தக்குழாய்கள்

அக்கா டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினாள். நான் அவள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு வார விடுமுறை. காசிமேட்டில் வாங்கிய இறாலைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கொருக்குப்பேட்டைக்கு வந்திருந்தேன். டீ மேடையில் பரவித் தரையில் சொட்டியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றாள், கையில் இருந்த பாத்திரத்தை நிமிர்த்தவில்லை. "இன்னாக்கா" என்றேன். திரும்பிச் சிரித்தாள். சிரிப்பு ஒரு பக்கம் மட்டும்தான் வந்தது.

அக்கா என்னைவிட ஐந்து வயது பெரியவள். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட்டும், மாதா கோயிலில் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை கவுனும் தைத்துக்கொடுப்பாள். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. ஒத்தைத் தலைவலி மட்டும் சின்ன வயதிலிருந்து உண்டு. அது எனக்கும் உண்டு. எங்கள் வீட்டில் அதை ஒரு நோயாக யாரும் நினைத்ததில்லை.

அக்கா வீட்டுக்காரர், ரயில்வே கூட்ஸ் யார்டில் வேலை பார்க்கும் மாமா, நைட் ஷிப்ட் முடிந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி, இரண்டு பேருமாக அக்காவைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். கேட் மூடியிருந்தது. அதற்கு அப்பால் ஒரு கூட்ஸ் வண்டி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. முன்னால் லாரி, பின்னால் தண்ணீர் டேங்கர், பக்கத்தில் ஒரு ஸ்கூல் வேன். ஆட்டோவைத் திருப்பவும் இடமில்லை. மாமா இறங்கி ஓடி கேட் கீப்பரிடம் சத்தம் போட்டார். அவரும் பாவம், சிக்னல் விழாமல் வண்டி எப்படி நகரும் என்று கைகளை விரித்தார். நடந்து வந்தவர்கள் குனிந்து பெட்டிகளுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அக்காவைத் தூக்கிக்கொண்டு எங்களால் அப்படிப் போக முடியாது.

அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். இடது கை மடியில் கிடந்தது. வலது கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டு, குழறலாக, ஆனால் எனக்குப் புரியும்படி சொன்னாள்: "எனக்கு நைனா மாறியே ஆவுதுடா."

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நான் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்த சில நாட்களில் இன்னொரு பெரிய ஸ்கேன் எடுத்தார்கள். அதன் பிறகு நரம்பியல் டாக்டர் என்னையும் மாமாவையும் உள்ளே கூப்பிட்டார். நடுத்தர வயதுப் பெண்மணி. அவசரமில்லாமல் பேசினார். கம்ப்யூட்டரில் அக்காவின் மூளையைக் காட்டினார். சாம்பல் நிறத்துக்கு நடுவே, உள்ளுக்குள் ஆழத்தில், சுண்ணாம்பைத் தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. காதுக்கு உள்பக்கம் வருகிற இடத்திலும் இரண்டு பக்கமும் அதே வெள்ளை.

"இது இப்ப வந்த ஒரு அடைப்பு மட்டும் இல்ல. பல வருஷமா உள்ள நடந்துக்கிட்டு இருக்கு" என்றார். பிறகு அக்காவைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். அப்பாவுக்குத் தலைவலி இருந்ததா, நடை எப்படி இருந்தது, எத்தனை வயதில் இறந்தார், அவருடன் பிறந்தவர்கள் எப்படி இருந்தார்கள். நான் சொல்லச் சொல்ல ஒரு தாளில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று போட்டுக் கோடு இழுத்தார். அப்பாவின் கட்டத்தைக் கறுப்பாக்கினார். அவருடன் பிறந்த அத்தையின் வட்டத்தைக் கறுப்பாக்கினார். அக்காவின் வட்டத்தையும். என்னுடைய கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய்கள் அக்காவுக்கு நன்றாகவே இருக்கின்றன என்றார். பிரச்சினை, அவற்றிலிருந்து பிரிந்து பிரிந்து கடைசியில் முடியைப் போல உள்ளே இறங்குகிற சின்னக் குழாய்களில். அவற்றின் சுவரில் சுருங்கி விரிகிற தசை இருக்க வேண்டும். இவளுக்கு அந்தத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போய், அந்த இடத்தில் மணல் துகள் மாதிரி ஏதோ படிந்துவிடுகிறது. சுவர் தடித்து விறைத்துவிடும். வழி குறுகிவிடும். கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போய்ச் சேராத தெரு மாதிரி, மூளையின் உள்பகுதி காய்ந்துபோகும்.

"இதே குழாய் உடம்பு முழுக்க இருக்கு. மூளையத் திறந்து பார்க்க முடியாது இல்லையா? அதனால தோல்ல பார்ப்போம்" என்றார். அக்காவின் மேல் கையில் மரத்துப்போக ஊசி போட்டு, பட்டாணி அளவுக்குத் தோலைக் கிள்ளி எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். ரத்தமும் போனது. கண் டாக்டர் ஒருவர் அவள் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, அங்கே ஓடுகிற மெல்லிய குழாய்களும் ஒடுங்கியிருப்பதாகச் சொன்னார். முடிவு வர ரொம்ப நாள் ஆனது. வந்தபோது டாக்டர் சந்தேகப்பட்டதே உறுதியானது. பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு வருகிற நோய். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வருவதற்கும் வராமல் இருப்பதற்கும் பாதிக்குப் பாதி. குணமாக்க மருந்து கிடையாது.

அப்பா துறைமுகத்தில், கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டியவர். ராயபுரத்தில், கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் எங்கள் வீடு. மாதத்தில் ஓரிரு நாள், கண்ணில் ஏதோ மினுக்குது என்று சொல்லிவிட்டு, ஜன்னலைச் சாத்தி ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். நாங்கள் அன்றைக்கு ரேடியோ போடக் கூடாது. மற்றபடி எல்லோரையும் சிரிக்கவைக்கிற மனிதர்தான். ஐம்பதை நெருங்கும்போது சிரிப்பு நின்றுபோனது. மணிக்கணக்காக ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார். நடக்கும்போது பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் இழுத்து இழுத்து வைப்பார். சந்து முனையிலிருந்து அவர் வருவதைப் பார்த்துவிட்டு, அப்பன் புல் மப்புல வர்றான் என்று பையன்கள் என்னைக் கேலி செய்வார்கள். அவர் குடிப்பார் என்பது உண்மை. சம்பள நாளில் குடிப்பார். ஆனால் மாதம் முழுவதும் அப்படி நடந்தார். துறைமுகத்திலும் அதையே சொல்லி வின்ச்சிலிருந்து இறக்கிவிட்டார்கள். பிறகு வேலையும் போனது. படுக்கையை நனைத்தார். அம்மா பாயைத் துவைத்துக்கொண்டே, குடி குடி என்று தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். மாதா கோயிலுக்கு இழுத்துக்கொண்டுபோய் இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். அவர் மறுக்காமல் சத்தியம் செய்தார். அறுபதைப் பார்க்காமலேயே போய்விட்டார்.

அம்மா இப்போது திருவொற்றியூரில் எங்களோடு இருக்கிறாள். அக்காவுக்கு என்ன நோய் என்று அவளுக்குச் சொல்லியாக வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இது நைனாவிடமிருந்து வந்தது, அவர் நடை கோணியதும் பேச்சு நின்றதும் இதனால்தான், குடியால் இல்லை என்றேன்.

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவரு குடிச்சாரு" என்றாள்.

"குடிச்சாரும்மா. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அதனால இல்ல."

"உனக்கு இன்னா தெரியும்? நான் கூடப் படுத்தவ. குடிச்சாரு. எனக்குத் தெரியும்."

அவள் ஆய்ந்த கீரையையே மறுபடியும் ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பேச்சை நான் மீண்டும் எடுத்ததில்லை. அவளாகவும் எடுத்ததில்லை.

என் வேலை, கன்டெய்னர் யார்டில் ரீச் ஸ்டாக்கர் ஓட்டுவது. நீண்ட இரும்புக் கையால் கன்டெய்னரை மேலிருந்து கவ்விப் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து அடுக்கு வரை ஏற்றுகிற வண்டி அது. டிரெய்லரிலிருந்து எடுப்போம், டிரெய்லரில் வைப்போம். பத்துப் பதினைந்து வருடமாக அதுதான் என் சோறு. கண்ணாடிக் கேபினுக்குள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டால் யாருடைய தயவும் வேண்டாம் என்று ஒரு காலத்தில் எனக்கு அது பிடித்திருந்தது.

டாக்டர் என்னையும் பரிசோதனை செய்துகொள்ளக் கட்டாயப்படுத்தவில்லை. அக்காவின் ரத்தத்தில் எந்த இடத்தில் பிழை இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால் எனக்கு ரத்தம் எடுத்தாலே போதும், ஆனால் இருக்கிறது என்று வந்தால் அதைத் தெரியாததாக்க முடியாது, யோசித்து வாருங்கள் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது, தெரிந்துகொண்டு செய்ய ஒன்றும் இல்லை என்றால் எதற்குத் தெரிய வேண்டும் என்று நான் வந்துவிட்டேன். என் மனைவிக்கு அதில் சம்மதமில்லை. அவள் எம்.கே.பி. நகரில் பிறந்து வளர்ந்தவள், எதையும் நேராகக் கேட்பவள். எங்களுக்கு ஒரே மகள், அப்போது பத்தாவது முடித்திருந்தாள்.

தெரிந்துகொள்ளாமல் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தது தப்புக்கணக்கு. பைக் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடும்போது, இது வெறும் மறதியா, நோயா என்று கேட்டுக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் ஒரு கணம் நாக்கில் வராவிட்டால், அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது என்று தோன்றும். தெருவில் நடக்கும்போது என் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தேன், இழுக்கிறதா என்று. கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்ப்பேன், இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று. தலைவலி வந்தால் அது பழைய தலைவலி இல்லை. அது உள்ளே ஒரு குழாய் மூடுகிற சத்தம். நாள் முழுவதும் என்னையே காவல் காத்துக்கொண்டிருந்தேன். வெளியில் போக இடமில்லை. என் மண்டைக்குள்ளிருந்து நான் எங்கே போக முடியும்?

ஒரு மத்தியானம் யார்டில், சுமையேற்றிய கன்டெய்னர் ஒன்றை அடுக்கிலிருந்து எடுத்து டிரெய்லர் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். பார்வையின் ஓரத்தில் வெல்டிங் பொறி மாதிரி ஒரு மினுக்கல் தெரிந்தது. கண்ணைக் கொட்டினேன். அது போகவில்லை. உடைந்த கண்ணாடியின் விளிம்பு போல வளைந்து வளைந்து பெரிதானது. எனக்கு இது புதிதில்லை. ஆனால் எப்போதும் வீட்டிலோ, டீக்கடையிலோ வரும். கேபினுக்குள் வந்ததில்லை. இடது பக்கம் டிரெய்லர் நின்றது. அதன் டிரைவர், வயதானவர், கன்டெய்னரை டிரெய்லரோடு பூட்டுவதற்காகக் கீழே இறங்கி நின்றிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் இல்லாமல் போனார். அவர் இருந்த பக்கமே இல்லை. அந்த இடத்தில் மினுக்கல் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

கன்டெய்னர் அந்தரத்தில் நின்றது. இறக்க முடியாது, கீழே யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. பின்னால் எடுக்கவும் முடியாது. அதைத் தொங்கவிட்டுவிட்டு நான் இறங்கி ஓடவும் முடியாது. பின்னால் காத்திருந்த வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. வாக்கி டாக்கியில் சூபர்வைசர் கூப்பிட்டான். எண்ணூர்ப் பையன், என்னிடம் மரியாதையாக இருப்பவன்.

"அண்ணே, இன்னாச்சு? எறக்குண்ணே, லைன் நிக்குது."

"எனக்குக் கண்ணு தெரியல. கீழ கீற ஆளுங்க எல்லாரையும் தூரப் போவச் சொல்லு."

அவன் மறுகேள்வி கேட்கவில்லை. விசில் சத்தம் கேட்டது. ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள், அப்படியே இரு என்றான். நான் அப்படியே இருந்தேன். லிவரைப் பிடித்த கை வியர்வையில் வழுக்கியது. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்பாவும் வின்ச் மேடையில் இப்படி நின்றிருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கீழே கப்பலின் வயிற்றுக்குள் ஆட்கள் இருக்கும்போது, கண் பாதி போய், யாரிடமும் சொல்லாமல்.

மினுக்கல் மெல்ல விலகி ஓரத்தில் கரைந்தது. டிரெய்லர் மறுபடியும் தெரிந்தது. சூபர்வைசர் வாக்கி டாக்கியில் சொல்லச் சொல்ல, கன்டெய்னரைக் காலித் தரையில் இறக்கிவைத்தேன். ஏணியில் இறங்கி, சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். தலை பிளந்தது.

சூபர்வைசர் தண்ணீர் கொண்டுவந்தான். சாப்பிட்டாயா என்று கேட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெயிலுன்னு சொல்லிக்கிறேன்ணே. ரெண்டு நாள் லீவ் போடு, அப்பால வந்து ஏறு" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். அந்த வயதான டிரைவர் கொஞ்சம் தள்ளி, கைலியை மடித்துக் கட்டியபடி, இறக்கிவைத்த கன்டெய்னரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெயிலு இல்ல" என்றேன். "எனக்கு ஒரு நோவு கீது. இல்லாமயும் இருக்கலாம். தெரியல. ஆனா நான் இனிமே மேல ஏற மாட்டேன்."

மேனேஜர் அனுதாபமாகத்தான் பேசினார். என்னை யார்டு வாசல் கேட்டுக்கு மாற்றினார்கள். உள்ளே வருகிற கன்டெய்னர்களின் சீல் உடையாமல் இருக்கிறதா, நம்பர் சரியா என்று பார்த்து அனுப்புகிற வேலை. நாள் முழுக்க டிரெய்லர் புகை, தூசி, வரிசை. வருமானம் குறைந்தது. அம்மா மட்டும் அதைப் பதவி உயர்வு என்று நினைத்துக்கொண்டாள். மகன் வண்டியிலிருந்து இறங்கி ஆபீசராகிவிட்டான் என்று சூசையப்பருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். நாங்கள் திருத்தவில்லை.

யார்டில் நடந்ததைச் சொன்ன அன்று என் மனைவி அழவில்லை. கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டே பேசினாள்.

"நீ தெரிய வேணாம்னு சொல்ற. சரி. ஆனா நாளைக்கு உனக்கு ஆவலன்னா, உன்னத் தூக்கிப் போய் உக்கார வெக்கப்போறது நான். உங்கம்மா மாறி, புருசன் குடிகாரன்னு நெனச்சுக்கினே நான் வாழணுமா? எனக்குத் தெரியணும்."

அடுத்த வாரம் அவளோடு போய் ரத்தம் கொடுத்தேன்.

முடிவை வாங்கப் போன அன்றைக்கு அதே டாக்டர்தான். கதவைச் சாத்திவிட்டு எங்கள் இருவருக்கும் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இருக்கிறது என்றார். என் மனைவி என் முழங்காலின் மேல் கையை வைத்து அழுத்தினாள். ஒரே குடும்பத்திலேயே இது ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வரும், அக்காவுக்கு வந்த வயதிலேயே உங்களுக்கும் வரும் என்று இல்லை, அறுபது தாண்டியும் ஓடியாடுபவர்கள் உண்டு என்று டாக்டர் சொன்னார். சிகரெட்டை இன்றே விட வேண்டும். பிரஷரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உடம்பில் தண்ணீர் வற்றவிடக் கூடாது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். பிறகு எங்கே போவது என்று தெரியாமல் இரண்டு பேரும் ஜூஸ் கடையில் சாத்துக்குடி வாங்கிக் குடித்தோம். இனி தேட ஒன்றும் இல்லை. சாவி தொலைந்தால் அது சாவி தொலைந்ததுதான் என்று இருந்துவிடலாமா என்று யோசித்தேன். அப்படி இருக்க முடியவில்லை. எனக்கு இல்லாமலும் இருக்கலாம் என்று திறந்திருந்த ஒரு கதவும் இப்போது சாத்தியாகிவிட்டது என்றுதான் இருந்தது.

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். அவளுக்கு அதற்குள் இன்னொரு தடவை அடைப்பு வந்துபோயிருந்தது. மெல்ல நடப்பாள். மிஷினில் உட்காருவதில்லை. சிரிக்க ஆரம்பித்தால் அது அழுகையாக மாறிவிடும், அதை அவளால் நிறுத்த முடியாது. மாமா ஒரு கிண்ணத்தில் ரசஞ்சாதத்தைப் பிசைந்து அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்ததுமே அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்கும் கீதா?"

"கீது."

அவள் வலது கையை நீட்டி என் தலையில் வைத்தாள். பிறகு உதடு கோணி அழ ஆரம்பித்தாள், நடுவில் சிரித்தாள், மறுபடி அழுதாள். மாமா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் வாயைத் துடைத்தார். சற்று நேரத்தில் அடங்கியது. "நைனா யார்கிட்டயும் சொல்லலடா" என்றாள். "நம்ம ரெண்டு பேராச்சும் பேசிக்கலாம்." இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறேன். அந்த வாரம் எனக்குத் தலை எப்படி இருந்தது, அவளுக்குக் கால் எப்படி இருந்தது என்று பேசிக்கொள்வோம். வேறு யாரிடமும் நான் அப்படிப் பேசுவதில்லை.

மகளிடம் சொல்லாமல் வைத்திருக்க முடியும் என்று நினைத்தோம். அவள் செல்போனில் எல்லாவற்றையும் படித்துவிட்டிருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் இருக்கும்போது முன்னால் வந்து நின்று, தனக்கும் இருக்குமா என்று கேட்டாள். பாதிக்குப் பாதி என்றேன். அந்த வார்த்தையை என் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அப்பா மேல் கோபம் வந்ததில்லை. அவருக்குத் தெரியாது. எனக்கும் இவள் பிறக்கும்போது தெரியாது. அப்படி எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் ஆறவில்லை.

அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். "பதினெட்டு ஆவட்டும். டெஸ்ட் எடுக்கணுமா வேணாமான்னு நானே சொல்றேன்" என்றாள். "அதுவரைக்கும் என் மூஞ்சியவே பாத்துக்கினு இருக்காதீங்க. ரெண்டு பேரும்."

சரி என்று ஒத்துக்கொண்டோம். அது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியாது. போன வாரம் டியூஷன் முடிந்து வந்தவள் பையைப் போட்டுவிட்டு, துப்பட்டாவைக் கண்ணின்மேல் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். நானும் மனைவியும் சமையலறையில் நின்றுகொண்டிருந்தோம். மனைவி கையில் கரண்டியோடு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் அந்த அறைக்குப் போகவில்லை. தலை வலிக்குதாம்மா என்று கேட்கவில்லை. விளக்கை அணைக்கவா என்றும் கேட்கவில்லை. அம்மா மட்டும் ஒன்றும் தெரியாமல் உள்ளே போய் மின்விசிறியை வேகமாக வைத்துவிட்டு வந்தாள்.

குழம்பு கொதித்து அடங்கிவிட்டது. அப்புறம் மகள் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, இன்னா குழம்பு என்று கேட்டாள். வஞ்சிரம் என்றாள் என் மனைவி. நான் தட்டை எடுத்து வைத்தேன்.